வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கையின் நகல் அனுப்பப்படும். அவர்கள் அதைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கை சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைந்திருக்கிறது.

மாதக் கூட்டங்கள் விதிப்படி நடந்தன. செயற்குழு தேவைப்பட்டபோதெல்லாம் கூடியது. நூல் அறிமுகக் கூட்டங்கள் நடைபெற்றன. சிறுவர் வாசிப்பு நாள் சிறப்பாக நடந்தது; பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து படித்தார்கள், பெற்றோர் வாசலில் கைப்பேசியோடு நின்றார்கள். புத்தக அலமாரிக்குக் கதவு போடப்பட்டது. பூட்டு இன்னும் போடவில்லை. அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

இந்த ஆண்டு நடந்த முக்கியமான பணி என்று நான் கருதுவது ‘பரிந்துரை ஏடு’. செயற்குழுவில் சிலர் அப்படிக் கருதவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது யாராவது ஒருவர் வந்து, “நல்ல புத்தகமா ஒண்ணு சொல்லுங்களேன்” என்று கேட்பது வழக்கம். கேட்டவர் யார், எந்த நிலையில் இருக்கிறார் என்று எவரும் விசாரிப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் தமக்குப் பிடித்ததைச் சொல்லுவார். அல்லது தாம் படித்ததாகப் பிறர் நினைக்க வேண்டியதைச் சொல்லுவார். சென்ற ஆண்டு நம் உறுப்பினர் ஒருவர் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். பார்க்கப் போன இன்னொரு உறுப்பினர் அவருக்கு டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ நூலைக் கொடுத்துவிட்டு வந்தார். “சின்னப் புத்தகம், ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே முடிச்சிடலாம்” என்பது அவர் தந்த விளக்கம். 1886-இல் வெளிவந்த அந்நூல் உலகத் தரமானது, சந்தேகமே இல்லை. ஒரு நீதிபதி விலாவில் தொடங்கிய வலியோடு அணு அணுவாகச் செத்துப்போவதுதான் கதை. வீட்டாரும் மருத்துவர்களும் அவரிடம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று பொய் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இதை ஒருவர் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவில் படித்திருக்கிறார். நல்லவேளையாக அவர் முழுக் குணமடைந்துவிட்டார். அதன்பிறகு கூட்டத்துக்கு வருவதில்லை. சந்தாவும் வருவதில்லை.

இதற்குப் பிறகுதான் ஏட்டைத் தொடங்கினேன். புத்தகம் கேட்பவரிடம் முதலில் மூன்று கேள்வி. கடைசியாக முழுதாய் முடித்த புத்தகம் எது? எதைப் பாதியில் வைத்தீர்கள், எந்த இடத்தில்? இப்போது நாளைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது? இந்தப் பதில்களைக் குறித்துக்கொண்ட பிறகே நூல் பெயர். படித்து முடித்தவர் திரும்ப வந்து ஒரு வரியாவது எழுத வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

தலைவர் அவர்கள் ‘கட்டாயம் படிக்க வேண்டிய நூறு நூல்கள்’ என்று ஒரு பட்டியலை அச்சடித்தால் போதும் என்றார். நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை என்று வகைவாரியாக அடுக்கிவிட்டால் ஆயிற்று என்பது துணைத்தலைவர் கட்சி. “மனநிலை பார்த்து மருந்து கொடுக்க நாம என்ன வைத்தியரா?” என்றும் ஒரு குரல் எழுந்தது. குரலுக்குரியவரின் பெயர் குறிப்பேட்டில் உள்ளது, இங்கே வேண்டாம். நான் சொன்னது, இப்போதும் சொல்வது ஒன்றுதான். வகைவாரியாக அடுக்கினால் ‘இவான் இலியிச்சின் மரண’மும் பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’ம் மொழிபெயர்ப்புக் குறுநாவல் என்று ஒரே தட்டில்தான் உட்காரும். ஒன்றில் மனிதர் செத்துக்கொண்டிருக்கிறார். மற்றதில் ஆடு எழுத்தாளரின் சொந்தப் புத்தகங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. பஷீர் அதை மனநலச் சிகிச்சையில் இருந்த காலத்தில் எழுதியதாக முன்னுரையில் சொல்கிறார். மருத்துவமனைக்கு எடுத்துப்போக வேண்டிய புத்தகம் எது என்பதை வகை சொல்லாது.

ஏட்டில் அதிகம் பேர் சொன்ன நிலை, படிக்கவே முடியவில்லை என்பது. முன்பெல்லாம் நிறையப் படித்தவர்கள்தான். இப்போது இரண்டு பக்கத்துக்குமேல் நகரவில்லை என்கிறார்கள். இவர்களுக்குக் காவியம் கொடுப்பது வன்முறை. சின்னதாகவும் முதல் பக்கத்திலேயே பிடித்து இழுப்பதாகவும் இருக்க வேண்டும். பூமணியின் ‘வெக்கை’ (1982) பலருக்கு வேலை செய்தது. கொலை செய்தவன் பதினைந்து வயதுப் பையன். அடுத்து என்ன ஆகும் என்று தேடிக்கொண்டு அவனோடும் அவன் அப்பனோடும் காட்டுக்குள் நாமும் ஓடிக்கொண்டிருப்போம். ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ (1952) இரண்டு பேருக்கு உதவியது. ஒருவருக்கு உதவவில்லை, மீன் செத்ததும் மூடிவிட்டார். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ இந்த நிலைக்கு நல்ல மருந்து என்பது என் தனிப்பட்ட கருத்து. அதில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. வறண்ட குழாய்களுக்கு நடுவே ஜமுனா மெல்ல எழுந்து நிற்பதைப் பார்த்து முடிக்கையில் அடுத்த புத்தகத்துக்கு நாமும் தயாராகியிருப்போம்.

தூக்கம் வராதவர்கள் அடுத்த பெரிய கூட்டம். இவர்களில் பாதிப்பேர் மர்ம நாவல் படித்துவிட்டு விடியவிடிய விழித்திருப்பவர்கள். அவர்களுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மற்றவர்களுக்குத் துண்டு துண்டாகப் படிக்கக்கூடியது வேண்டும். ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட சிந்தனைக் குறிப்புகளைச் சிலருக்குச் சொன்னேன். எங்கே திறந்தாலும் அங்கிருந்தே படிக்கலாம். ஆனால் கை கொடுத்தது குறுந்தொகை. பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடும்; உரையோடு படித்தாலும் ஐந்து நிமிடம். ஆறாவது பாட்டில் ஒருத்தி, நள்ளிரவில் உலகமே உறங்குகிறது, நான் ஒருத்திதான் உறங்கவில்லை என்கிறாள். பதுமனார் பாடியது, நான்கே அடி. இதைப் படித்த உறுப்பினர் ஒருவர் ஏட்டில், “தூக்கம் வரவில்லை, ஆனால் துணை கிடைத்தது” என்று எழுதியிருக்கிறார். இந்த ஒரு வரிக்காகவே ஏடு போட்டது தகும் என்று செயற்குழுவில் படித்துக் காட்டினேன். அப்போது மின்விசிறியைப் பற்றிய விவாதம் நடந்துகொண்டிருந்ததால் பலருக்குக் கேட்டிருக்காது. ஆகவே இங்கே மறுபடியும் பதிவு செய்கிறேன்.

கோபத்தில் இருப்பவருக்கு அமைதி தரும் புத்தகம் கொடுக்கலாகாது என்பதும் ஏட்டிலிருந்து தெரிந்தது. தலித் பெண் ஒருவரின் தன்வரலாறான பாமாவின் ‘கருக்கு’ (1992) போன்ற ஒன்றைப் படித்த உறுப்பினர், தம் அலுவலகக் கோபம் எவ்வளவு சின்னது என்று புரிந்ததாக எழுதினார். எங்காவது ஓடிப்போக வேண்டும் போலிருக்கிறது என்றவருக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டாம் உலகப் போர்க்காலம், மெடான், பினாங்கு, நடுவே புயலடிக்கும் கடல். சிங்காரம் எழுதியதே இரண்டு நாவல்கள்தான் என்பதால், பிடித்துப்போனால் அடுத்த வாரமே இன்னொன்றுக்கு வந்து நிற்பார்கள் என்பது மட்டுமே இதில் சிக்கல். சிரிக்க வேண்டும் என்றவர்களுக்கு தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. அறிவால் துப்புத் துலக்கும் துப்பறிவாளர்கள் உலகெங்கும் உண்டு. அசட்டுத்தனத்தால் துலக்குபவர் சாம்பு.

நீண்ட விடுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் ‘பொன்னியின் செல்வன்’ கேட்டார்கள். ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் முடிக்கப் போய் மூன்றாம் பாகத்தில் களைத்துப்போனவர்கள் உண்டு. அது 1950 முதல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. ஒவ்வொரு அத்தியாயமும் நம்மை ஒரு வாரம் தவிக்கவைப்பதற்கென்றே முடிக்கப்பட்டது. நாளுக்கு ஓரிரு அத்தியாயம் என்று படித்தால்தான் அந்த முடிச்சுகள் முடிச்சாகத் தெரியும். தன்வரலாறு கேட்டவர்களுக்கும் இதையே சொன்னேன். உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை தொடராக வந்தது. ஆசிரியர் மறைந்ததால் முற்றுப்பெறவில்லை. பழந்தமிழ் ஏடு தேடி அலைந்த மனிதரின் வரலாறு ஏடு தேடும் கதையாக மட்டும் இருக்கும் என்று பயந்துதான் பலர் தொடுவதில்லை. தம் ஆசான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சா. பாடம் கேட்ட பகுதிகளை மட்டும் படித்துப் பாருங்கள். மிச்சத்தை நான் சொல்லாமலே படிப்பீர்கள்.

பாதியில் வைத்த புத்தகங்களின் பகுதிதான் ஏட்டில் மிகவும் பயனுள்ளது. அலுப்பால் வைத்தவர்கள் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பெயர்க் குழப்பத்தால் வைத்தவர்களே மிகுதி. ரஷ்ய நாவல்களில் ஒரே ஆளைப் பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர், செல்லப்பெயர் என்று நான்கு விதமாக அழைப்பார்கள். ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் ரோடியான் ரொமானவிச், ரஸ்கோல்னிகோவ், ரோத்யா எல்லாம் ஒருவரே என்று தெரியாமல், புது ஆள் வந்துவிட்டதாக நினைத்துப் பின்னோக்கிப் புரட்டியவர்கள் இருக்கிறார்கள். மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ (1967) இன்னும் மோசம். தலைமுறைதோறும் அதே ஔரேலியானோ, அதே ஹோசே அர்க்காதியோ. இனி இப்படிப்பட்ட நூல்களின் முதல் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளில் பெயர்ப் பட்டியல் எழுதி வைத்தே தருவோம். அதை எழுதியவன் நான்தான். கையெழுத்து புரியவில்லை என்று ஒரு புகார் வந்தது. புகாரின் கையெழுத்தும் புரியவில்லை.

மொழிபெயர்ப்பைச் சிபாரிசு செய்யும்போது மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ பிரெஞ்சிலிருந்தே நேரடியாக வெ. ஸ்ரீராம் தமிழாக்கியது, ‘செம்மீ’னைத் தமிழில் தந்தவர் சுந்தர ராமசாமி. ஒரே நூலுக்கு இரண்டு மூன்று தமிழ் வடிவங்கள் இருக்கும்போது பெயர் தெரியாமல் எதையோ எடுத்துப் படித்துவிட்டு, மூல ஆசிரியரைத் திட்டுவது நியாயமில்லை.

மர்ம நாவல் குறித்து ஒரு கண்டனத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அகதா கிறிஸ்டியின் ரோஜர் ஆக்ராய்ட் கொலை நாவல் 1926-இல் வந்தது. அதன் கடைசிப் பக்கங்களை அறியாமல் படிக்கும் பாக்கியம் ஒருவருக்கு வாழ்வில் ஒருமுறைதான் வாய்க்கும். மாதக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், நாவலின் ‘உத்தியை ஆராய்வதாக’ச் சொல்லி எழுந்து, கொலையாளி யார் என்பதை முதல் வாக்கியத்திலேயே அறிவித்துவிட்டார். அரங்கில் நால்வர் அந்நூலைக் கையில் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் அன்றே நூலைத் திருப்பித் தந்துவிட்டார். இந்த ஆண்டு திரும்பி வந்த மிகச் சில நூல்களில் அதுவும் ஒன்று.

அடுத்து, திரும்பாத நூல்கள். பதிவேட்டில் யார் எடுத்தார் என்ற விவரம் இருக்கிறது. எடுத்தவர்கள் இந்த அரங்கில் சிலர் இருக்கிறார்கள். அலமாரிக்குப் பூட்டுப் போடாததற்குக் காரணம், உள்ளே பூட்டிவைக்க வேண்டிய நூல்கள் பெரும்பாலும் வெளியே இருப்பதுதான். படித்து முடிக்காததால் தரவில்லை என்றால் மகிழ்ச்சி. ஏட்டில் எந்தப் பக்கம் வரை என்று எழுதுங்கள். இரவல் போன புத்தகம் மூன்றாம் வீட்டுக்குப் போயிருந்தாலும் குற்றமில்லை, அங்கே உள்ளவரையும் உறுப்பினராக்குங்கள்.

சந்தா. பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை வாசிக்கக் கூடாது என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. வாசித்தால் அறிக்கை இன்னும் நீளும் என்பதும் உண்மை. கூட்டத்துக்கு வராமல், நூலும் எடுக்காமல், சந்தாவை மட்டும் ஒழுங்காக அனுப்பும் ஓர் உறுப்பினர் நமக்கு இருக்கிறார். அவர் எதைப் படிக்கிறார் என்று தெரியவில்லை. எதைப் படித்தாலும் நன்றாயிருக்கட்டும்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவுக்குள் செலவு அடங்கியது. அடங்காத இடங்களில் செயற்குழுவினர் சிலர் கைப்பணம் போட்டு ஈடுகட்டினார்கள். புத்தகம் வாங்கவென்று ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதி நாற்காலி பழுதுபார்க்கப் போயிற்று. இது குறித்து எனக்குள்ள கருத்தைச் செயற்குழுவில் தெரிவித்துவிட்டேன்.

கூட்டம் நடத்த இடம் தந்தவர்களுக்கும், நூல்களை நன்கொடையாகத் தந்தவர்களுக்கும் (பழைய பாடப்புத்தகங்களைத் தந்தவர்கள் உட்பட), அழைப்பிதழ் அச்சிட்டவருக்கும், கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும், பொறுமையோடு என்னைச் சகித்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் ஏட்டைத் தொடர்வதா, நூறு நூல் பட்டியலை அச்சடிப்பதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். தொடர்வதென்றால் மாதத்துக்கு ஒருவராவது ஏட்டைப் பொறுப்பேற்க வேண்டும். இது ஒரே ஆள் இழுக்கிற தேராக இருக்க முடியாது. உடல்நிலை, குடும்பப் பொறுப்பு ஆகியவற்றைக் கருதிச் செயலாளர் பொறுப்பிலிருந்து நான் விலகிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். இளையவர்கள் முன்வந்தால் மனமாரக் கையளிப்பேன். பொறுப்புக்கு நிற்பவர் சந்தா பாக்கி இல்லாதவராகவும், இரவல் நூல் எதையும் திருப்பித் தரவேண்டியிராதவராகவும் இருக்க வேண்டும் என்பது சங்க விதி. பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், செயற்குழுவில் இன்று அந்தத் தகுதி உள்ளவர்கள் பொருளாளரும் நானும்தான். பொருளாளர் தமக்கு விருப்பமில்லை என்று எழுத்துமூலம் கொடுத்துவிட்டார்.

அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்