பறப்பதற்காகவா முளைத்தன இறகுகள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பறவைகளின் தோற்றம் பற்றிய கட்டுரையில், 'பறப்பதற்காகவே டைனோசர்களுக்கு இறகுகள் முளைத்தன' என்ற வரியைப் படித்ததும் மேற்கொண்டு படிக்க மனம் வரவில்லை. நான் 30 ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவள். இந்த 'பறப்பதற்காக' என்ற சொல்லை விடைத்தாள்களில் அடித்து அடித்தே என் சிவப்பு மை தீர்ந்தது.

சீனாவின் லியாவோனிங்கில் கிடைத்து 1996-இல் உலகுக்குத் தெரியவந்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசரின் உடலை மூடியிருந்தவை தூவிகள், அதாவது நூலிழை போன்ற எளிய இறகுகள். அதற்கு இருந்தவையோ குட்டைக் கைகள். 2012-இல் விவரிக்கப்பட்ட யூடிரானஸ் என்ற டைனோசர் சுமார் 9 மீட்டர் நீளமும் ஒரு டன்னுக்கு மேல் எடையும் கொண்டது. அதுவும் தூவி போர்த்திய விலங்குதான். அது பறக்கவா போகிறது? உடற்சூட்டைக் காக்கவோ இணையைக் கவரவோ பயன்பட்டிருக்கக்கூடிய ஒன்று, எண்ணற்ற தலைமுறைகளுக்குப் பின் காற்றில் எழவும் கைகொடுத்தது. அன்றைக்கு உதவுவதைத்தான் இயற்கைத் தேர்வு தக்கவைக்கும். நாளைய தேவைக்கென்று எதையும் சேர்த்து வைக்காது.

ஒருமுறை இறந்த புறா ஒன்றை வகுப்பு மேசையில் வைத்திருந்தேன். அதன் சிறகிலிருந்து எடுத்த இறகில் தண்டு ஓர் ஓரமாக ஒதுங்கியிருந்தது. பிரிந்த இழைகளை விரலால் நீவிவிட்டால் மீண்டும் கோத்துக்கொண்டன. உடலோடு ஒட்டியிருந்த தூவியோ எத்தனை முறை நீவினாலும் சேரவில்லை. "இது பறக்க உதவாதே, பிறகு எதற்கு டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்விக்குரிய இடத்தைத்தான் உங்கள் கட்டுரையாளர் ஒரே சொல்லால் அடைத்துவிட்டார்.

இது முதல் முறையுமல்ல. வெலாசிராப்டர் என்ற டைனோசரின் முன்கை எலும்பில் இறகுகள் பொருந்தியிருந்த முடிச்சுகள் இருப்பது 2007-இலேயே அறிவிக்கப்பட்ட பிறகும், உங்கள் சிறுவர் பகுதியில் அதை மொட்டைப் பல்லியாக வரைந்தீர்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் பூண்டோடு அழிந்ததாக எழுதினீர்கள். அவற்றின் ஒரு கிளையாகிய பறவைகள் இன்றும் நம் தலைக்கு மேல் பறக்கின்றன. இரண்டு முறையும் எழுதினேன்; ஒரு வரிப் பதிலும் வரவில்லை.

அச்சேறிய பிழை எளிதில் போகாது என்பது தாங்கள் அறியாததல்ல. மங்கோலியாவில் முட்டைகளின்மேல் கிடந்த ஒரு டைனோசருக்கு 1924-இல் 'முட்டைத் திருடன்' என்ற பொருளில் ஓவிராப்டர் என்று பெயர் வைத்தார்கள். 1993-இல் அதே வகை முட்டையொன்றினுள் அதன் குடும்பத்துக் குஞ்சின் எலும்புகள் கிடைத்தன. பறவையைப் போலத் தன் முட்டைகளை அடைகாத்த தாயாகவோ தந்தையாகவோ இருந்திருக்கக்கூடிய அவ்விலங்கு, இன்றும் திருடன் என்ற பெயரைத்தான் சுமக்கிறது.

அடுத்த இதழில், எந்த மூலையிலாவது, 'பறப்பதற்காகவே' என்ற சொல்லைத் திருத்தி இரண்டு வரி வெளியிடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை