ஸ்கேன் மெஷின் வாங்குற அதிகாரிகளே, சில்லர்னா சில்லறை விஷயம் இல்லீங்க

வணக்கம் ஐயா, அம்மா.

ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மெஷின் வாங்க டெண்டர் போடுறவங்க, மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடுறவங்க எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதுறேன். நான் 14 வருஷமா எம்ஆர்ஐ, சிடி ரூம்லயே கெடக்குற டெக்னீசியன். "மெஷின் ரிப்பேர்"னு கதவுல பேப்பர் ஒட்டுறோம்ல, நான் பாத்த வரைக்கும் அதுல பாதி நாள் மெஷின் நல்லாத்தான் இருக்கும், படுத்துக்குறது அத சுத்தி இருக்குற ஏதாவது ஒண்ணு.

போன மே மாசம் நடந்தத சொல்றேன். எம்ஆர்ஐ ரூம் பக்கம் போனா ஸ்கேன் ஓடாதப்பவும் சிக்கு சிக்குன்னு ஒரு சத்தம் வந்துகிட்டே இருக்கும், அது கோல்ட் ஹெட். காந்தத்துக்குள்ள இருக்குற ஹீலியம் மைனஸ் 269 டிகிரில திரவமா இருக்கணும், ஆவியாகுறத திரும்ப திரவமாக்குறது அதுதான், அதுக்கு ஒரு கம்ப்ரஸர், கம்ப்ரஸர் சூடாகாம இருக்க தண்ணி ஓட்டுற சில்லர். மொட்டமாடி வெயில்ல நிக்கிற அந்த சில்லர் சனிக்கெழம ராத்திரி ட்ரிப் ஆயிடுச்சு. அலாரம் கத்திருக்கு, வாட்ச்மேன் அண்ணன் ஏசிதான் ஏதோ கத்துதுன்னு விட்டுட்டாரு. அவர குத்தம் சொல்லி என்ன, யாருக்கு போன் பண்ணணும்னு அங்க ஒரு நம்பர் கூட இல்ல. திங்கக்கெழம காலைல கதவ தொறந்தா ரூம் அமைதியா இருக்கு, அந்த அமைதிய கேட்டதுமே எனக்கு வயித்த கலக்கிருச்சு. ஹீலியம் அளவு நல்லாவே கொறஞ்சிருந்துச்சு. மாடில போய் பாத்தா சில்லர்ல சூட்ட வெளிய தள்ளுற கண்டென்சர் பூரா தூசி, மூலைல புறா கூடு வேற.

மெஷின் கம்பெனிக்காரர் வந்து சில்லர் எங்க கான்ட்ராக்ட்ல இல்லன்னாரு, சில்லர்காரர் கரண்ட் பிரச்சனன்னாரு, கரண்ட் பாக்குறவரு யூபிஎஸ்ஸ கை காட்டுனாரு. ஆறு நாள் இப்படியே போச்சு. விடியக்காலம் ரெண்டு பஸ் மாறி வந்த பாட்டிக்கு பதில் சொல்றது நான், மேல இருந்து திட்டு வாங்குறதும் நான், மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.

95 சதவீத நாள் ஓடணும்னு எழுதுறீங்க, கேக்க நல்லாருக்கு, ஆனா வருஷத்துக்கு 18 நாள் நின்னாலும் அபராதம் கெடையாதுன்னுதான அர்த்தம், அதுலயும் சில்லரால நின்ன நாள கணக்குலயே சேக்க மாட்டாங்க. அதனால மெஷின், சில்லர், யூபிஎஸ், ரூம் ஏசி நாலையும் ஒரே கான்ட்ராக்ட்ல ஒரே ஆள் தலைல கட்டுங்க. ஹீலியம், சிடில எக்ஸ்ரே வர்ற டியூப், எம்ஆர்ஐல உடம்பு மேல வைக்கிற காயில் இதெல்லாம் அதுல சேருமா சேராதான்னு பேர் போட்டு எழுதுங்க, "பாகங்கள் உட்பட"ன்னு மொட்டையா எழுதுனா கடைசில காசு கேப்பாங்க. சிடிக்கு காலைல டியூப சூடாக்குற வார்ம் அப், ஆள் இல்லாம வெறும் காத்த ஸ்கேன் பண்ணி அளவ சரி பண்ற ஏர் காலிப்ரேஷன் ரெண்டையும் பண்ண எங்கள விடுங்க, கூட்டமா இருக்கு சீக்கிரம் ஆரம்பின்னு வெரட்டுனா அப்பறம் படத்துல வட்டம் வட்டமா விழுது, அத வச்சு டாக்டர் என்னத்த பாப்பாரு?

அலாரம் அடிச்சா மெசேஜ் போற வசதி இப்ப இருக்கு, வாங்கும்போதே கேளுங்க. இப்போதைக்கு பேனல் பக்கத்துல என் போன் நம்பர ஸ்கெட்ச்ல எழுதி ஒட்டிருக்கேன். அடுத்த வாரம் நான் லீவு.