தாராவியில் மருந்து கொண்டுபோகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டுக்காரர் டி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டார், இப்போது நீ போனால் கதவைக்கூடத் திறப்பதில்லை என்று எழுதியிருந்தாய். இவ்வளவு எடுத்துச் சொல்லியும் கேட்காதவரை என்னதான் செய்வது என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியில் தெரிந்த வேதனைக்காகவே இதை எழுதுகிறேன்.

அவர் ஏன் நிறுத்தினார் என்று முதலில் யோசித்துப் பார். மருந்து தொடங்கி இரண்டு மாதத்துக்குள் இருமல் குறைந்து, பசி எடுத்து, உடம்பு தேறிவிடுகிறது. நோய் போய்விட்டது என்று யாருக்கும் தோன்றும். டி.பி. மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். இரத்தம் என்று பயந்து மாத்திரையைச் சாக்கடையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். குமட்டலோடு தோல் பட்டறையில் நாள் முழுக்க நிற்பவருக்கு ஆறு மாதம் எவ்வளவு நீளம் என்று நம் பதிவேட்டைப் பார்த்தால் தெரியாது. பாதியில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி. வரக்கூடும் என்று எச்சரித்திருப்பாய். அது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் மனிதரை மேலும் பயமுறுத்தினால் கதவைச் சாத்திக்கொள்ளத்தான் செய்வார்.

சந்தில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதே. கை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவரைத் தொடும் இடம் அது. அங்கே உரக்கச் சொல்லும் ஒரு சொல், கல்யாணப் பேச்சு நடக்கும் வேளையில் திருநெல்வேலிவரை போய்ச் சேரும். பதிவேடு பைக்குள்ளேயே இருக்கட்டும்.

உள்ளே விட்டால் தரையில் உட்கார். அவருடைய டம்ளரும் தட்டும் தனியே ஒரு மூலையில் இருக்கும், கவனித்துப் பார். பெற்ற பிள்ளையைத் தூக்கப் பயந்து அவரும் அதே மூலையில் ஒடுங்கியிருப்பார். கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும், காற்று வரட்டும். டீ கொடுத்தால் அவர்கள் வீட்டு டம்ளரில் வாங்கிக் குடி. காற்றில் பரவும் நோய் இது, பாத்திரத்தால் பரவாது. நீ குடிப்பதை அவர் மனைவி பார்க்கட்டும். மணிக்கணக்காகப் பேசியும் போகாத பயம் அந்த அரை டம்ளர் டீயில் போய்விடுவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் ஒரு வீட்டுக்குச் சரி, ஊருக்கு ஆகுமா என்று நீ கேட்கலாம். 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டரில் பல லட்சம் பேர். பெரும்பாலோருக்குப் பொதுக் கழிப்பறைதான். தனித்திருங்கள் என்று உத்தரவு போட்டு ஆகக்கூடிய காரியமா அது? அந்தந்தப் பகுதி மக்கள் நம்பிய கிளினிக் டாக்டர்களையே மாநகராட்சி துணைக்கு அழைத்தது. வீடு வீடாகப் போனார்கள். ரமலான் மாதம் வந்தபோது தனிமைப்படுத்தும் முகாமில் இருந்தவர்களுக்கு நோன்பு திறக்க உணவு கொடுத்தார்கள். ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ், நோயைக் கட்டுக்குள் கொண்டுவர முடியும் என்பதற்குத் தாராவியையும் உதாரணமாகச் சொன்னார். அந்த முகாமில் நோன்பு திறக்க உணவு கொடுத்தவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

அடுத்த முறை மாத்திரையைப் பற்றி முதலில் பேசாதே. வேலை எப்படி இருக்கிறது, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், சாப்பிட்டது வயிற்றில் தங்குகிறதா என்று கேள். "உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியவில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று சொல். சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாதே. நோயாளிகளுக்கு அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. அது அவர் கணக்குக்கு வருகிறதா என்று விசாரி. வரவில்லை என்றால் வங்கிக்குக் கூடவே போ.

குமட்டலுக்கு என்ன செய்யலாம் என்று டாக்டரிடம் இன்றைக்கே கேட்டுவிடு. பட்டறை விடுமுறை என்றைக்கு என்று அவர் மனைவியிடம் விசாரித்து, அன்று காலையில் போ. என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அக்கா