இடமாற்றப் பட்டியலில் கையெழுத்திடும் முன்

கோட்டாறு, குழித்துறை மறைமாவட்ட ஆயர் பெருந்தகைகளுக்கு,

தோத்திரம்.

இடமாற்றக் காலம் வந்துவிட்டது. எந்தச் சாமியாருக்கு எந்தப் பங்குக் கோயில் என்று முடிவு செய்யும்போது படிப்பு, மூப்பு, கோயில் கட்டிய அனுபவம் எல்லாம் கணக்கில் வரும். அவற்றோடு இதையும் பாருங்கள்: வீடு ஏறுவாரா?

400 குடும்பப் பங்கு என்று வையுங்கள். வாரம் 4 மாலை, மாலைக்கு 3 வீடு போனால் 34 வாரத்தில் ஒரு சுற்று முடியும். தவக்காலம், திருவிழா போனாலும் ஒரு வருடம் தாராளம். நேரம் பார்த்துப் போக வேண்டும். விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் வீட்டை இரவு 8 மணிக்குத் தட்டினால் அவர் தூக்கத்தில் இருப்பார். குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம். படகுத் தொழிலாளர்கள் ஊரில் இருக்கும் அந்த 61 நாளை, புதிதாக வந்தவர் வரவேற்புக் கூட்டங்களில் தொலைக்கக் கூடாது. போன வீட்டில் ஜெபத்தோடு எழுந்துவிடாமல், படுக்கையில் கிடப்பவர், வளைகுடாவில் இருப்பவர், பூசைக்கு வராதவர் பெயர்களை ஒரு நோட்டில் குறித்து, 2 வாரத்துக்குள் மறுபடி விசாரிக்க வேண்டும்.

வீடு ஏறாதவருக்குத் திண்ணையில் வந்து உட்காரும் நாலு பேரே கண்ணும் காதும். மற்றவர்களுக்கு அவர் 'அந்தக் கூட்டத்துச் சாமியார்'. முதலில் பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் மெலியும். பிறகு மறைக்கல்வி ஆசிரியர்கள் ஒவ்வொருவராக நிற்பார்கள். ஞாயிறு காணிக்கை கடைசியில்தான் குறையும். அதைப் பார்த்து விழித்தால் காலம் கடந்திருக்கும்.

அடுத்தது கோபம். கோயில் வரி பாக்கிக்காக, பூசையில் திருமணத்தை அறிவிக்கும் கல்யாண ஓலையை வாசிக்காமல் நிறுத்தினால் பாக்கி வந்துவிடும், குடும்பம் போய்விடும். பிரசங்கம் சுமாராக இருந்தால் சனம் பொறுத்துக்கொள்ளும். 10 நிமிடத்தில் முடித்தால் நன்றியும் சொல்லும்.

பங்கில் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 537. கொடியிறக்கி 30 நாளுக்குள் திருவிழாக் கணக்கைப் பூசை முடிவில் வாசித்துவிட்டால் ஊர்ச் சண்டையில் பாதி எழாது.

நியமனத்துக்கு முன், பல பங்குகள் சேர்ந்த மறைவட்டத்தின் முதல்வரிடமும், தேவைப்பட்டால் சில குருக்கள், பொதுநிலையினரிடமும் கேட்கச் சட்டம் 524 வழி வைத்திருக்கிறது. மாற்றப்படும் சாமியார் இப்போதிருக்கும் பங்கில், பங்குப் பேரவையில் இல்லாத 3 அன்பியப் பொறுப்பாளர்களிடம், அதில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும், தனித்தனியாக இரண்டே கேள்வி கேளுங்கள். சாமியார் உங்கள் வீட்டுக்குக் கடைசியாக எப்போது வந்தார்? தன்னோடு சண்டை போட்டவர் வீட்டில் சாவு விழுந்தபோது, அடக்கப் பூசைக்கு முன்பே அந்த வீட்டுக்குப் போனாரா?

இப்படிக்கு,
அன்பியப் பொறுப்பாளர்கள் சிலர்,
குமரி மாவட்டம்