முறுக்குச் சுற்றிய காகிதங்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

என்ன நடந்தது என்று மறுபடி சொல்லப் போவதில்லை. நாவல் இருந்த மடிக்கணினியையும் அதன் நகல் இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே பையில் போட்டு, இரண்டையும் சேர்த்து இழந்தது என் புத்திகெட்டதனம். அதற்கு வேண்டிய திட்டு வாங்கியாகிவிட்டது. இப்போது சொல்ல வந்தது வேறு: என் நாவலின் நாயகி, பதினோராம் நூற்றாண்டுப் போலந்து ராணி ரிஹேஸா திரும்பி வந்துவிட்டாள். முழுதாக இல்லை, பாதிக்கு மேல்.

கொண்டுவந்து கொடுத்தவர் இங்கே ஜெர்மனியில், கொலோனில் எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் போலந்துப் பாட்டி. ‘பானி’ என்று கூப்பிடுவேன், அவர்கள் மொழியில் மரியாதைச் சொல். தமிழில் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. வீட்டில் முறுக்கு சுட்டால் அவருக்கு ஒரு பொட்டலம் போகும். பொட்டலம் கட்ட, நான் திருத்திக் கழித்துப்போட்ட நாவல் பக்கங்கள். (அச்சு மை உடம்புக்கு ஆகாது என்று யாரும் எழுத வேண்டாம், தெரியும்.)

போன வருடம் ஒருநாள், இது என்ன எழுத்து என்று கேட்டார். உங்கள் ராணி ஒருத்தியின் கதை என்றேன். பெயரைச் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். “கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு ஜெர்மனிக்கு ஓடினாளே, அவளா?”

படியில் நின்றபடியே வாதாடினேன். 1031-ல் நாடே கலைந்து கிடக்கிறது, கணவன் மியெஷ்கோ பொஹீமியாவுக்குத் தப்பிவிட்டான், அரியணையில் கணவனின் அண்ணன் பெஸ்பிரிம். அவள் பிறந்த வீட்டுக்குப் போகாமல் வேறு எங்கே போவாள்? கிரீடங்களை ஜெர்மன் பேரரசனுக்குக் கொடுத்தனுப்பியதே பெஸ்பிரிம்தான் என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்களே! அப்புறம் திரும்பிப் போய் நாட்டைத் தூக்கி நிறுத்திய காசிமிர் யார் பெற்ற பிள்ளை? பானி ஒன்றும் சொல்லவில்லை. முறுக்கை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

இந்த ஞாயிறு கதவைத் தட்டினார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே, கனமான எதற்கோ அடியில் வைத்து நீவிய 83 தாள்கள். நடுநடுவே எண்ணெய் வட்டம், சிலவற்றில் முறுக்கின் சுருள் அப்படியே பதிந்திருந்தது. எல்லாம் வரிசையாக இருந்தன. எழுத்து தெரியாவிட்டால் என்ன, பக்க எண் தெரியுமே! ஒரே பக்கம் இரண்டு தடவை வந்திருந்தால் இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தியிருந்தார். “ராணி என்று சொன்னாய். குப்பையில் போட மனசு வரவில்லை.”

எனக்குப் பேச்சு வரவில்லை. கடைசித் தாளை எடுத்து ஜெர்மனில் சொல்லிக்காட்டினேன். 1063-ல் இறந்தவள் பிரவ்வைலர் மடத்தில் தாய் பக்கத்தில் கிடக்க ஆசைப்பட்டாள். பேராயர் அன்னோ விடவில்லை, கொலோனிலேயே ஒரு தேவாலயத்தில் அடக்கம் செய்தார். அந்தத் தேவாலயமும் 1817-ல் இடிபட, எலும்புகள் நம் கதீட்ரலுக்கு வந்து சேர்ந்தன. பானி கையால் நிறுத்தினார். எத்தனையோ வருடமாக அங்கே பூசைக்குப் போகிறவர் அவர்.

செவ்வாயன்று இருவரும் போனோம். யோவான் சிற்றாலயத்தில் அந்த மரப்பேழை. பானி வெகுநேரம் நின்றார். போலிஷில் ஏதோ முணுமுணுத்தார். என்னவென்று நான் கேட்கவில்லை.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரே நன்றி: பழைய மின்னஞ்சல்களைத் தோண்டி அத்தியாயங்களை அனுப்பியவர்களுக்கு, கைப்பேசியில் எடுத்த படங்களிலிருந்து இரவெல்லாம் தட்டச்சு செய்த மூவருக்கு, பழைய கணினி கொடுத்த மச்சானுக்கு, “விடு, வேறு எழுதலாம்” என்று சொல்லாத என் வீட்டாருக்கு.

இனி மூன்று இடத்தில் நகல் வைப்பேன், இது சத்தியம். முதல் பிரதி மேல்மாடிக்கு. அதை வைத்து அவர் என்ன செய்வார் என்று கேட்காதீர்கள்.

பானி தந்த தாள்களின் வரிசையில் 47-ம் பக்கம் மட்டும் இல்லை. அவள் நாட்டை விட்டுக் கிளம்பும் இரவு. அன்றைக்கு முறுக்கில்லை, வடை. காகிதம் ஊறிக் கிழிந்துவிட்டது என்று பானி இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். சரி, அதை இன்றிரவு மறுபடி எழுத உட்காருகிறேன்.