மாடிக்கு ஆள் வைக்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. மாடிக்கு ஆள் வைப்பது பற்றி அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். பேரன் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தான், பாதி காதில் விழவில்லை. அதனால்தான் கடிதம்.

மாடியை ஒத்திக்கு விட்டு, அதாவது மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை வாங்கி, கெடு முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதாகப் பேசி, வருகிற பணத்தை வீட்டு லோனில் கட்டிவிடலாம் என்று மாப்பிள்ளை நினைப்பதாகச் சொன்னாய். உங்கள் சரவணம்பட்டிப் பக்கம் லீஸ் என்கிறார்கள் போலிருக்கிறது. பெயர் எதுவானாலும் வேண்டாம். இதை நான் ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியாது, சொன்னதில்லை. 2012-ல் உன் கல்யாணச் செலவுக்கு மேல் வீட்டைத்தான் நாலு லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டோம். பணம் கைக்கு வந்த அன்று பெரிய நிம்மதி. மூன்று வருடம் வாடகை என்று ஒரு ரூபாய் வரவில்லை, அது கூடப் பரவாயில்லை. கெடு முடிந்ததும் அவர் திருமங்கலத்தில் இடம் பார்த்துவிட்டார், பணத்தைக் கொடுங்கள் என்று வந்து நின்றார். அவர் மேல் தப்பே இல்லை, அவர் பணம். அடுத்த ஒத்திக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆடி மாதம் வேறு, யார் வீடு மாறுவார்கள்? என் ரெட்டை வடச் சங்கிலி பேங்குக்குப் போனது அப்போதுதான். கழுத்து வலி என்று உன்னிடம் சொன்னேனே, அது.

மாத வாடகைக்கு விடு. குறைவாக இருந்தாலும் அது உன் பணம். அட்வான்ஸையும் பத்து மாதம் என்று கறக்காதே. 2019-ல் அமலுக்கு வந்த சட்டத்தில், வேறு மாதிரி பேசி எழுதிக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்று இருக்கிறது. எவ்வளவு வாங்கினாலும் அதைத் தொடாமல் தனியாக பேங்கில் போட்டு வை, திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு. ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் ஆன்லைனிலேயே பதிந்துவிடுங்கள். நாங்கள் வாய்ப்பேச்சிலேயே காலத்தை ஓட்டினோம், நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். ஐடி கம்பெனிக்காரர்கள் உன் பான் நம்பர் கேட்பார்கள். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அவர்கள் ஆபீஸில் காட்ட வேண்டும். முகத்தைச் சுளிக்காமல் கொடு. வாடகை வருமானத்தில் வீட்டு வரி போக மிச்சத்தில் 30 சதவீதம் கழித்துத்தான் வரி போடுகிறார்கள், மறைத்து என்ன ஆகப்போகிறது?

கரண்டுக்கு மாடிக்கென்று தனி சர்வீஸ் வாங்கிவிடு. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வாங்குகிற வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, அது குடியிருக்கிறவர்களுக்குப் போகட்டும். உனக்கும் நல்லதுதான். இரண்டு வீடும் ஒரே மீட்டரில் ஓடினால் 500 யூனிட்டைச் சுலபமாகத் தாண்டும், தாண்டினால் கணக்கே மாறிவிடும்.

தண்ணீர் விஷயம் பெரிசு. நம் வீட்டில் மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது, நினைவிருக்கிறதா? அடுப்படிக்குப் போகிற வழியில், கோலமாவு டப்பா வைக்கிற மாடத்துக்கு மேலே. அப்பா வீடு கட்டும்போது யோசிக்காமல் அங்கே வைத்தார். மேலே இருக்கிறவர்கள் சின்டெக்ஸில் தண்ணீர் ஏற வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். "அம்மா, கொஞ்சம் மோட்டார் போடுங்க." ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்தக் குரல். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது, பொய் சொல்லவில்லை.

நீ திருநெல்வேலி ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த வருடம், லேத் பட்டறைக்காரர் குடும்பம் மேலே இருந்தது. உனக்கு அந்தச் சின்னப் பையன் ஞாபகம் இருக்கும், லீவுக்கு வந்தபோது உன் பின்னாடியே சுற்றுவான். பட்டறையில் வேலை இல்லாமல் போய் இரண்டு மாத வாடகை நின்றுவிட்டது. கேட்டால் அடுத்த வாரம், அடுத்த வாரம். எனக்கு ஒரு நாள் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. சித்திரை வெயில், கார்ப்பரேஷன் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். காலையில் பட்டறைக்காரர் மனைவி கூப்பிட்டாள், கேட்காத மாதிரி இருந்தேன். மத்தியானமும் அப்படியே. சாயங்காலம் படியில் சத்தம். அந்தப் பையன் ஒரு பிளாஸ்டிக் குடத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தான். "பாட்டி, மோட்டார் ரிப்பேரா?" என்று கேட்டான்.

"ஆமாடா" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே வந்தார், சுவிட்சைப் போட்டார், மறுபடி போய் உட்கார்ந்துகொண்டார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. மோட்டார் கடகடவென்று ஓடுகிறது, அந்தப் பிள்ளை "சரியாயிருச்சு!" என்று குதிக்கிறது. காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினான். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது சட்டப்படியும் கூடாது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அவர்கள் அந்த வருடமே பாக்கியை அடைத்து, இன்னும் நாலு வருடம் இருந்துவிட்டுத்தான் போனார்கள். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். கேட்டதே இல்லை.

ஆகவே மாடிக்கான சுவிட்சை மாடியிலேயே வை. எலக்ட்ரீஷியன் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும்போதே சொல்லிவிடு, பிறகு சுவரை உடைக்க வேண்டி வரும்.

ஆள் யார் என்று கேட்டாயே. கல்யாணமாகாத பையன்கள் வேண்டாம் என்று உன் மாமியார் சொல்கிறார்களாம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை, ஆனால் அவர்களிடம் நீ பார்த்துப் பேசிக்கொள். நம் வீட்டில் வேறு கூத்து நடந்தது. அப்பா யாரிடமும் சாதியை நேராகக் கேட்க மாட்டார். "குலதெய்வம் எந்த ஊர்ல?" என்பார், "அந்த ஊர்ல எந்தத் தெரு?" என்பார். வந்தவர்களுக்குப் புரியாதா என்ன? நானும் பக்கத்தில் காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தவள்தான். அப்படித் திருப்பி அனுப்பிய ஒரு டீச்சரை இப்போதும் கோரிப்பாளையம் பஸ் ஸ்டாப்பில் பார்க்கிறேன், அவர் வணக்கம் சொல்கிறார், எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நீ அந்தக் கேள்வியைக் கேட்காதே. வேலை என்ன, எத்தனை பேர், வண்டி எத்தனை, இவ்வளவு போதும்.

விருந்தாளிகளை எண்ணாதே. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்குகிற அன்று மேலே பதினேழு பேர் வந்து மொட்டை மாடி முழுக்கப் படுத்திருந்தார்கள் ஒரு வருடம். விடிவதற்குள் தொட்டி காலி. நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். கிளம்பும்போது எனக்கும் ஒரு செம்பில் சர்க்கரை நிரப்பி விளக்கு வைத்துக் கொடுத்து, "வாங்கம்மா, சாமி பார்க்கலாம்" என்றார்கள். போனேன், வேறென்ன செய்வது! ஆற்றங்கரையில், செல்லூரிலேயே இருந்துகொண்டு ஆறு வருடமாக நான் போகாமல் இருந்தேன்.

அப்புறம், மேலே சண்டை நடந்தால் கேட்கும். நாற்காலி இழுப்பது, பிள்ளை அழுவது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இஞ்சி தட்டுவது எல்லாம் கேட்கும். காலையில் படியில் பார்க்கும்போது எதுவும் கேட்காதவளாக இரு. அடி விழுகிற சத்தம் கேட்டால் மட்டும் மேலே போய்க் கதவைத் தட்டு, சர்க்கரை கேட்கிற மாதிரியாவது. மற்றபடி வீட்டைப் பார்க்க வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லிவிட்டுப் போ. ஆணி அடிப்பதற்கெல்லாம் சண்டை போடாதே. காலி செய்கிறபோது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கிற பழக்கம் நம்மிடமும் இருந்தது. ஐந்து வருடம் குடியிருந்தவர் போனால் நாம்தானே வெள்ளையடிக்க வேண்டும்? நான் இப்போது பிடிப்பதில்லை.

இப்போது மேலே ஒரு நர்ஸ் பெண் அவள் அம்மாவோடு இருக்கிறாள், தெரியுமல்லவா. இந்த வாரம் நைட் டியூட்டி. காலையில் எட்டரைக்கு வந்து படுத்தால் இரண்டு மணி வரை தூக்கம். இட்லிக்குச் சட்னி அரைக்க வேண்டும், மிக்ஸி போட்டால் அவள் கட்டிலுக்கு நேர் கீழே. தேங்காயைத் துருவி மூடி வைத்துவிட்டேன், இட்லிப்பொடியே போதும். அதனால்தான் இவ்வளவு எழுத நேரம் கிடைத்தது.

மாப்பிள்ளையிடம் ஒத்தி பற்றி நான் சொன்னதைச் சொல். சங்கிலியைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அம்மா