அசாம் அரசியல் த்ரில்லர் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அசாமைக் களமாக வைத்து அரசியல் த்ரில்லர் எடுக்கும் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

இப்படி ஒரு படம் வந்தாலே ‘இது எங்கள் பண்பாடே இல்லை’ என்று ஒரு தரப்பு கொதிக்கிறது. ‘கற்பனைக் கதைக்கு இவ்வளவு கணக்கா’ என்று மறுதரப்பு கேட்கிறது. பேச்சு உடையையும் பிஹு நடனத்தையும் தாண்டுவதில்லை. ஆண்டு, ஆறு, அலுவலக நடைமுறை ஆகியவற்றில் விடும் பிழைதான் அதைவிடப் பெரிது. அங்கே பிசகினால் கதையின் முடிச்சே நிற்காது.

துரத்தல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 நவம்பரில் அசாம் கண பரிஷத் ஆட்சி கலைக்கப்பட்டது. தனி அசாம் கேட்ட ஆயுத இயக்கமான உல்ஃபா தடை செய்யப்பட்டு, அதற்கு எதிராக ராணுவத்தின் ‘ஆபரேஷன் பஜ்ரங்’ தொடங்கியது. மறு ஆண்டு செப்டம்பரில் ‘ஆபரேஷன் ரைனோ’. கதை அந்த மாதங்களில் நடந்தால், அசாமுக்குள் பிரம்மபுத்திராவைக் கடக்க இரண்டே பாலங்கள்: 1962-இல் வந்த சராய்காட், 1987-இல் தேஜ்பூர் அருகே வந்த கலியாபோமோரா. ஜோகிகோபா பாலம் 1998-இல்தான் வந்தது. திப்ருகர் அருகே உள்ள போகிபீல் பாலம் 2018 டிசம்பரில். ஆகவே திப்ருகரிலிருந்து வடகரைக்குத் தப்புகிறவன் படகுத்துறைக்குத்தான் போயாக வேண்டும். கடைசிப் படகைப் பிடிக்க வேண்டும். துறையில் ஜவான்கள் நிற்பார்கள். மழைக்காலமென்றால் துறையே இடம் மாறியிருக்கும். த்ரில்லருக்கு வேண்டிய பதற்றம் முழுவதும் அங்கே கிடக்கிறது. ஜீப்பைப் பாலத்தில் பறக்கவிட்டால் அது போயிற்று. 1990 கதையின் ட்ரோன் காட்சியில் போகிபீல் தூண்கள் எட்டிப் பார்த்தாலும் அப்படியே.

வெளிச்சமும் முக்கியம். டிசம்பரில் குவாஹாத்தியில் நாலரை மணி வாக்கில் சூரியன் விழுந்துவிடும். மாலை ஐந்தரைக்கு வெயிலில் ஊர்வலம் போவதாக எழுதாதீர்கள். தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் ‘பாகான் டைம்’ என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருப்பார்கள். தோட்டத்தில் நான்கு என்றால் காவல் நிலையத்தில் மூன்று. இந்த ஒரு மணி நேரத்தில் ஒரு முழுத் திருப்பத்தையே எழுதலாம்.

குடியுரிமைக் கதை எடுப்பவர்கள், ஒருவர் வெளிநாட்டவரா என்று முடிவு செய்யும் வெளிநாட்டினர் தீர்ப்பாயத்தை மும்பைப் படத்து நீதிமன்றம்போல் அமைக்கிறார்கள்: மரச் சுத்தியல், குற்றவாளிக் கூண்டு, ‘மை லார்ட்’. உண்மையில் அது சாதாரண அலுவலக அறை. தலைமை வகிப்பவர் ‘மெம்பர்’. 2019 ஆகஸ்ட் 31-இல் வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் (என்.ஆர்.சி.) இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கு மேற்பட்டோர் விடுபட்டபோது நடப்பில் இருந்தது 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம். அதன் 9-ஆம் பிரிவுப்படி, தான் வெளிநாட்டவர் இல்லை என்று நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான். 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முந்தைய வாக்காளர் பட்டியலில் தாத்தாவின் பெயர் வேண்டும். அவருக்குத் தான் பேரன் என்று காட்டும் ஆவணமும் வேண்டும். ஒரு பட்டியலில் ‘அலி’, இன்னொன்றில் ‘ஷேக்’. ஒன்றில் வயது 35, மற்றதில் 42. வழக்குகள் இதில்தான் தோற்கின்றன. திருமணமாகி வேறு ஊர் போன பெண்களின் வழக்கு, தந்தையோடு இணைக்கும் பஞ்சாயத்துச் சான்றிதழை நம்பி நிற்கிறது. துப்பாக்கி இல்லாமலே நெஞ்சு அடைக்கும் காட்சி இது.

இனி பண்பாடு. வசந்தத் திருவிழாவான ரொங்காலி பிஹு ஏப்ரல் நடுவில். ஆட்டம், டோல் மேளம், பேப்பா என்னும் கொம்புக் குழல் எல்லாம் அப்போதுதான். அக்டோபரின் காதி பிஹுவில் துளசியடியிலும் வயலிலும் விளக்கேற்றுவார்கள், ஆட மாட்டார்கள். தலையில் சூடும் கபோ பூ வசந்தத்துப் பூ. நவம்பரில் பிளாஸ்டிக்கில் வைத்தால் அசாமியர் கண்ணில் உடனே குத்தும். பெண்கள் உடுத்தும் மெகேலா சாதோர் இரண்டு துண்டு: இடுப்பில் மெகேலா, மேலே சாதோர். மெகேலாவின் மடிப்பு வலப்பக்கம் போகும். புடவையைக் கட்டிவிட்டுச் சமாளிக்க முடியாது. நாம்கர் என்னும் வழிபாட்டுக் கூடத்தில் சிலை வைத்து மணியடித்து ஆரத்தி எடுக்காதீர்கள். வைணவ ஞானி சங்கரதேவரின் மரபில் பீடத்தில் இருப்பது பாகவத நூல். கழுத்தில் போடும் பூவேலைக் கமோசாத் துண்டு வேறு, குளித்துத் துடைக்கும் கமோசா வேறு. தலைமறைவாக இருப்பவன் புத்தம்புதுப் பூக்கமோசாவோடு காட்டில் திரிவது அபத்தம்.

எங்களை அதிகம் வருத்துவது மொழி. நாயகன் சிவசாகர் பக்கத்துத் திருத்தமான அசாமியம் பேசுகிறான். நல்பாரி, பார்பேட்டா பேச்சு சிரிப்புக்கு. தோட்டத் தொழிலாளியின் சாத்ரி மொழி பின்னணி இரைச்சலுக்கு. ஆற்றுத் திட்டுக்களில் வாழும் முஸ்லிமின் பேச்சு வில்லனுக்கு. போடோ பழங்குடிப் பெண் வந்தால் தொகோனா உடுத்திப் பேசாமல் நிற்கிறாள். ‘அசல் அசாம்’ என்று வாதாடுபவர்களில் பலருக்கும் இது உறுத்துவதில்லை என்பதுதான் கொடுமை. அசாமைப் பார்த்தே இராத ஒருவர், தமிழ் சப்டைட்டிலோடு பார்த்தாலும், யாரை மதிக்க வேண்டும், யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்பதை இந்தக் குரல்களிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்.

ஆகவே வசனம் முடிவாகும் முன், கதை நடக்கும் மாவட்டத்துக்காரர் ஒருவரும் தீர்ப்பாயத்தில் வாதாடிய வழக்கறிஞர் ஒருவரும் பிரதியைப் படிக்கட்டும். அந்தந்தப் பேச்சுக்கு அந்தந்தச் சமூகத்தவரையே டப்பிங்கில் உட்கார வையுங்கள். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு பெயருக்கு ஓர் ஆலோசகரை அழைப்பதில் பயனில்லை. அதற்குள் செட் எழும்பியிருக்கும், எதையும் மாற்றப் பணம் இருக்காது. திரைக்கதைக் கட்டத்திலேயே அழைத்து, சம்பளம் கொடுத்து, டைட்டிலில் பெயரும் போடுங்கள்.